நம்ம வீடு குழு: கதிரின் ஆபரேஷனுக்கு அப்புறம்

மல்லிகா அத்தை: தேவி, கதிருக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறதே. கால் நேராகிவிட்டதா?

தேவி: தையல் பிரித்தாச்சு அத்தை. நன்றாகச் சாப்பிடுகிறான். கால் இன்னும் உள்பக்கம் திருகித்தான் இருக்கிறது. மூளைக்குக் கரண்ட் கொடுக்க உள்ளே வைத்த மெஷினை ஆன் செய்தே பத்து நாள்தான் ஆகிறது.

பெரியப்பா: நான் ஒரு வீடியோ பார்த்தேன்மா. ஆன் செய்ததும் ஒருத்தருக்குக் கை நடுக்கம் சட்டென்று நின்றுவிட்டது. இவனுக்கு ஏன் அப்படி இல்லை?

தேவி: அது பார்க்கின்சன் நடுக்கமாக இருக்கும் பெரியப்பா. அது உடனே அடங்கிவிடும். கதிருக்கு இருப்பது டிஸ்டோனியா, தசை தானாகவே முறுக்கி இழுக்கிற நோய். வெட்டி வெட்டி இழுப்பது சில நாளில், சில வாரத்தில் குறையும். முறுக்கிக்கொண்டே நிற்கிற கால் நேராகப் பல மாதம் ஆகும். ஒரு வருடம்கூட ஆகலாம்.

மல்லிகா அத்தை: மூளையில் கரண்ட் என்றாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஷாக் ட்ரீட்மென்ட் மாதிரியா?

தேவி: அது வேறு அத்தை. மூளையில் ஆழத்தில் குளோபஸ் பாலிடஸ் என்று ஒரு இடம். தசைக்குத் தப்பான உத்தரவு அந்த வழியாகத்தான் போகிறது. அங்கே இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி வைத்திருக்கிறார்கள், சுமார் 1.3 மி.மீ. தடிமன். ஒயர் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே இறங்கி, நெஞ்சில் இருக்கும் பேட்டரிக்கு வருகிறது. கரண்ட் ஓடுவதே அவனுக்குத் தெரியவில்லை.

குமார்: பேட்டரி எத்தனை வருஷம் வரும் அக்கா?

தேவி: சாதாரணமானது 3 முதல் 5 வருடம். டிஸ்டோனியாவுக்குக் கரண்ட் அதிகம் வேண்டியிருப்பதால் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் சார்ஜ் செய்கிற வகை வைத்தோம். அப்புறம், பிசியோதெரபிக்கு யார் கூட்டிப்போனாலும் சரி, உடம்புக்குள் சூடு கொடுக்கிற டயதெர்மி மெஷினை மட்டும் அவன் பக்கத்தில் கொண்டுவரவே விடாதீர்கள். கம்பி சூடாகி மூளையே பாதிக்கும்.

செல்வி: என் நாத்தனார் பையனுக்குப் பிறந்தபோது காமாலை வந்து மூளை பாதித்தது. அவனுக்கும் இப்படித்தான் முறுக்கும். இதைச் செய்யலாமா?

தேவி: கதிருக்கு டிஒய்டி1 என்கிற மரபணுக் கோளாறால் வந்தது செல்வி. இந்த வகைக்கு நல்ல பலன் உண்டு. மூளை பாதித்து வருவதற்குப் பலன் குறைவு என்கிறார்கள். ஆனாலும் நரம்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டு. நாங்கள் இரண்டு வருடத்தைத் தொலைத்தோம். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்று ஒரு டாக்டர் சொன்னதை நம்பி, பிள்ளையை அடித்தும் இருக்கிறேன்.

செல்வி: அழாதே தேவி.

தேவி: எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். அவனிடம் "சரியாச்சா" என்று கேட்காதீர்கள். நேற்று வீடியோ காலில் பெரியப்பா கேட்டதும் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

பெரியப்பா: தெரியாமல் கேட்டுவிட்டேன்மா. இனி கேட்க மாட்டேன்.

தேவி: இன்று காலையில் டம்ளரை ஒரே கையால் பிடித்துக் காபி குடித்தான். சட்டையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் எதுவும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மல்லிகா அத்தை: ஞாயிற்றுக்கிழமை சீயம் சுட்டு எடுத்து வருகிறேன். அவன் காலைப் பார்க்க மாட்டேன்.