கர்னல் புதுப்பிக்கப்பட்டதும் வைஃபை அற்றுப்போகிறது

உவர்மலையான்:
வணக்கம். உவர்மலையிலுள்ள எமது சிறு கல்வி நிலையத்தில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய ஆறு கணினிகள் உள்ளன. அவற்றின் யுஎஸ்பி வைஃபை கருவிகளுக்கான இயக்கியை (டிரைவர்) மூலநிரலிலிருந்து நானே தொகுத்து நிறுவினேன். ஆனால் இயங்குதளத்தின் கருவான கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் இணைப்பு அற்றுப்போகிறது. நிரந்தரத் தீர்வு உண்டா?

நிலாவெளி வாசி:
லினக்ஸ் கர்னலின் உள் இடைமுகங்கள் (இயக்கிகள் கர்னலோடு இணையும் வழிகள்) மாறாதிருக்கும் என்று அதன் பராமரிப்பாளர்கள் உறுதியளிப்பதில்லை. ஓர் இடைமுகத்தை மாற்றுபவர் கர்னல் மூலத்துக்குள் இருக்கும் இயக்கிகளையும் சேர்த்தே திருத்த வேண்டும் என்பது வழக்கம். உங்களுடையதைப்போல வெளியே கிடப்பதற்கு அவர் பொறுப்பல்லர். டிகேஎம்எஸ் (DKMS) என்ற கருவி வழியாக நிறுவினால், தொகுக்கத் தேவையான, அந்தந்தக் கர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் இருக்கும்வரை, கர்னல் மாறும்போதெல்லாம் இயக்கி தானாகவே மீண்டும் தொகுக்கப்படும்.

கிண்ணியா மாணவன்:
மேலே சொன்னது சரியே, எனினும் இடைமுகம் மாறிவிட்டால் டிகேஎம்எஸ்ஸும் தொகுக்க முடியாமல் நின்றுவிடும். முதலில், யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையால் வைஃபை கருவியிலுள்ள சில்லின் எண்ணைப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம், ஒரே பெயரில் வேறு சில்லுகளும் வருகின்றன. கர்னலுக்குள்ளேயே இருக்கும் ஆர்டிடபிள்யூ88 (rtw88) என்ற வைஃபை இயக்கிக்கு யுஎஸ்பி ஆதரவு கர்னல் 6.2இல்தான் சேர்ந்தது, டெபியன் 12இல் இருப்பதோ 6.1. உங்கள் சில்லு 8822பியு அல்லது 8821சியு என்றால், புதிய மென்பொருள்களை டெபியன் 12க்கும் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தின் புதிய கர்னலே போதும்.

உவர்மலையான்:
8821சியுதான். பழைய இயக்கியை நீக்கிவிட்டு ஒரு கணினியில் புதிய கர்னலை இட்டேன். இணைப்பு உடனே கிடைத்தது. மற்ற ஐந்தும் சனிக்கிழமை வகுப்பு முடிந்த பின்னர்.