ஏ.டி.வி. மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறது, அவசரம்

வைட்ஃபீல்ட்_வாசி:
கனகபுரா பக்கம் மாமாவின் தோட்டத்தில் பழைய ஏ.டி.வி. (கரடுமுரடான மண்ணில் ஓட்டுகிற நாலு சக்கர பைக்) ஒன்று இருக்கிறது. பம்ப்செட் பக்கத்துச் செம்மண் மேட்டில் பாதி ஏறியதும் முன்சக்கரம் தூக்குகிறது. நேற்று பின்னாலேயே உருண்டு வேலியில் முட்டி நின்றது. பத்து வருஷமாக புல்லட் ஓட்டுகிறேன், ஓட்டத் தெரியாதவன் இல்லை. ஞாயிறு மறுபடியும் போகணும். சீக்கிரம் சொல்லுங்கள்.

செம்மண்:
நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா, பின்சக்கரம் மட்டுமா? பின்னால் சுமை இருந்ததா? மண் ஈரமா?

டயர்பிரியன்:
காற்றுதான் காரணம். வண்டியில் ஸ்டிக்கர் இருக்கும், பாருங்கள். பெரும்பாலான ஏ.டி.வி. டயருக்கு 5 பிஎஸ்ஐ பக்கம்தான் வேண்டும். கூடினால் டயர் பந்து மாதிரி துள்ளும், மண்ணைப் பிடிக்காது.

ஓசூர்_பழையவர்:
தம்பி, புல்லட் பழக்கம் இதில் உதவாது, கெடுக்கும். சாய்ந்தால் காலை ஊன்றப் பார்ப்பீர்கள், பின்சக்கரம் காலில் ஏறிவிடும். இங்கே கால் ஃபுட்ரெஸ்ட்டை விட்டு இறங்கவே கூடாது, உடம்புதான் நகர வேண்டும். ஏறும்போது முன்னால் குனி, இறங்கும்போது பின்னால் சாய், பக்கச் சரிவில் மேட்டுப் பக்கம் சாய். இதுகூடத் தெரியாமல் மேட்டில் ஏறியிருக்கிறீர்கள்.

செம்மண்:
அண்ணா, கோபப்படாமல் சொல்லலாமே, பயந்துபோய்க் கேட்கிறார். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டர் கொடுக்காதீர்கள், பின் பிரேக் தொடாதீர்கள், பின்பக்கமாகக் கவிழும். உடம்பை மேட்டுப் பக்கம் வைத்து முன் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். முழுசாக நின்ற பிறகுதான் பின் பிரேக், பார்க்கிங் பிரேக். இறங்குவதும் மேட்டுப் பக்கம்தான். பாதி மேட்டில் வண்டியைத் திருப்பவே வேண்டாம்.

மடிவாளா_மணி:
நான் தோட்டத்திலிருந்து டீக்கடை வரை தார் ரோட்டிலேயே ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

டயர்பிரியன்:
ஆகவில்லை என்பதால் சரியாகிவிடாது. அந்த டயர் தாருக்கானது இல்லை. பல வண்டிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுற்றும், தாரில் திருப்பினால் கவிழப் பார்க்கும். நம்பர் பிளேட்டும் கிடையாது.

மடிவாளா_மணி:
கிராமத்து ரோட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?

டயர்பிரியன்:
போலீஸ் கேட்காது சரி. எதிரே வருகிற லாரி?

செம்மண்:
அதற்குத் தனி இழை போடுங்கள் இருவரும். வாசி, பின்னால் என்ன இருந்தது?

வைட்ஃபீல்ட்_வாசி:
மன்னிக்கவும், ஆபீஸில் இருந்தேன். பின்சக்கர இழுவை மட்டும். பெட்ரோல் பங்கில் பைக்குக்கு அடிக்கிற மாதிரி காற்று 25 அடித்தார்கள். பின் கேரியரில் 20 லிட்டர் தண்ணீர் கேன். மாமா பையனும் பின்னால் உட்கார்ந்திருந்தான், 12 வயசு.

ஓசூர்_பழையவர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த சீட் நீளமாக இருப்பதே நீங்கள் முன்னும் பின்னும் நகர. பையன் உட்கார்ந்தால் உங்களுக்கு நகர இடமில்லை, எடை முழுக்கப் பின் அச்சில். முன்சக்கரம் தூக்காமல் என்ன செய்யும்? கவிழ்ந்திருந்தால் முதலில் அடியில் போயிருப்பவன் அவன். தயவுசெய்து இனி ஏற்றாதீர்கள்.

டயர்பிரியன்:
25 என்றால் டயர் வெடிக்கவும் கூடும், உடனே இறக்குங்கள். குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் தனியாக வாங்குங்கள், பங்கு கேஜில் 5 சரியாகத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும்.

வைட்ஃபீல்ட்_வாசி:
ஞாயிறு போய் வந்தேன். காற்று 5. பையனும் கேனும் இல்லாமல் குனிந்து ஏறினேன், தூக்கவில்லை. நன்றி அண்ணா, எல்லோருக்கும்.

செம்மண்:
நல்லது. ஹெல்மெட் போட்டீர்களா?

செம்மண்:
வாசி?