சுவரில் விசிறிய நுளம்பு மருந்து எவ்வளவு காலம் நிற்கும்?

கேள்வி (ஒட்டுசுட்டான்வாசி):
கார்த்திகை நடுப்பகுதியில் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு மலேரியா நுளம்புக்கான மருந்தை விசிறிச் சென்றார்கள். முன்னறை சீமெந்துச் சுவர். பின்பக்கம் இன்னமும் மண்சுவரும் கிடுகுக் கூரையும்தான். தைப்பொங்கலுக்கு முன் மண்சுவரைச் சாணமிட்டு மெழுகுவதும் முன்னறைக்குச் சுண்ணாம்பு பூசுவதும் அம்மாவின் வழக்கம். அதனால் மருந்து பயனற்றுப் போகுமா? மணம் போனதோடு மருந்தும் போய்விட்டது என்கிறார் அம்மா.

மறுமொழி (முன்பு மருந்து விசிறும் குழுவில் இருந்தவர்):
மெழுகினால் போய்விடும். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் அமர்ந்து ஓய்வெடுக்கும்போது அதன் காலில் ஒட்டும் மருந்துதான் அதைக் கொல்கிறது. சாணத்தின் அடியில் புதைந்த மருந்து காலில் படாது. தரையை மெழுகத் தடையில்லை, ஏனெனில் அங்கே நாங்கள் விசிறுவதில்லை.

காலத்தைப் பொறுத்தவரை, எந்த மருந்து என்பதே முதற் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மலத்தியோன் 2 முதல் 3 மாதங்களும், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்றவை 3 முதல் 6 மாதங்களும், பழைய டீ.டீ.ரி. 6 மாதங்களுக்கு மேலும் நிற்கும். ஆனால் மண்சுவர் மருந்தை உள்ளே உறிஞ்சிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை மலத்தியோனைச் சிதைத்துவிடும். மரத்திலும் கிடுகிலும் அதே மருந்து பொதுவாக நெடுநாள் தங்கும். ஆகவே ஒரே வீட்டில் முன்னறைக்கும் பின்னறைக்கும் ஒரே கணக்குச் சொல்ல இயலாது. மணத்தை நம்பவேண்டாம்: மலத்தியோனின் வாடை ஊரறிந்தது, டெல்டாமெத்ரினுக்கோ மணம் இல்லையென்றே சொல்லலாம்.

மறுமொழி (வவுனியாவிலிருந்து):
ஐயத்துக்கு இடமின்றி அறியும் முறையும் உண்டு. சுவரில் கூம்பு வடிவக் குவளையைப் பொருத்தி, நுளம்புகளை 30 நிமிடம் அதற்குள் விட்டு, 24 மணி நேரத்தின் பின் எண்ணுவார்கள்; 80 வீதத்துக்குக் குறைவாக இறந்தால் மருந்து தளர்ந்துவிட்டதென்று பொருள். டெங்குக்கு அடிக்கும் புகையை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சுவரில் தங்குவதற்கானதன்று.

மறுமொழி (மன்னார்வாசி):
2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்றிதழ் பெற்ற பின்னரும் இந்தக் கவனம் மிகையன்று. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு அதன்பின் எங்கள் மன்னாரிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் முட்டையிடுவதால், சுவர் மருந்தை மட்டும் நம்பாமல் கிணற்றில் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் கப்பி மீனும் விட்டிருக்கிறோம்.

ஒட்டுசுட்டான்வாசி:
நன்றி. தரையை மட்டும் மெழுக அம்மா சம்மதித்துவிட்டார். சுண்ணாம்பு சித்திரை வருடப்பிறப்புக்குத் தள்ளிப்போகிறது. விசிறிய மருந்தின் பெயரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நாளை கேட்கிறேன்.