ஈரல் கட்டியைச் சூட்டால் கருக்கும் சிகிச்சை: உங்கள் அனுபவம் என்ன?

வடமராட்சி மகள் (ஜேர்மனி):
அம்மாவுக்குப் புற்றுநோய் பெருங்குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவியது. ஈரலின் இரு பக்கமும் கட்டிகள், வெட்ட முடியாது என்றார்கள். பேராசிரியர் ஃபோகல் என்ற ஜேர்மன் வைத்தியர் 1990களில் வளர்த்தெடுத்த லேசர் முறைதான் மிஞ்சியது. விறைப்பு ஊசி போட்டு, விலா இடுக்கில் குழாய் செருகி, அதற்குள் லேசர் இழையை விட்டு, அதன் சூட்டால் கட்டியைக் கருக்குவார்கள். அம்மா விழித்தே இருந்தார். நான் கண்ணாடிக்கு இப்பால், திரையருகே. எம்.ஆர்.ஐ. படத்தில் சூடேறும் இடம் கறுக்கும். அந்தக் கறுப்பு கட்டியை மூடிக்கொண்டே போனது. ஓர் ஓரம் மட்டும் சாம்பல் நிறமாகவே நின்றது. பக்கத்தில் பெரிய நாளம், ஓடும் இரத்தம் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது என்றார் வைத்தியர். இழையைச் சற்றுப் பின்னிழுத்து மறுபடி சுட்டார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா, “பிள்ளை, ஈரலைத்தானே சுடுகிறார்கள், தோள்மூட்டு ஏன் வலிக்கிறது?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஓரத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

தஞ்சைக்காரன்:
சகோதரி, தோள்வலி என் அப்பாவுக்கும் இருந்தது. கட்டி உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) ஒட்டி இருந்தால் நரம்பு வலியைத் தோளில்தான் காட்டுமாம். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் லேசரைத் தேடி அலைய வேண்டாம். அப்பாவுக்குச் சென்னையில் செய்தது ரேடியோ அலைச் சிகிச்சை, கட்டிக்குள் ஊசியைச் செருகி அதன் வழியே சூடேற்றிக் கருக்குவது. ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று, அதனால் ஈரல் சுருக்கம், அதன்மேல் 2.5 செ.மீ. கட்டி. சிகிச்சைக்குப் பின் எடுத்த ஸ்கேன் அறிக்கையைப் பஸ்ஸில் பிரித்தோம். 4.2 செ.மீ. என்று இருந்தது. அப்பா அதைப் படித்தார், மடித்தார், என்னிடம் நீட்டினார். கும்பகோணம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல ஈரலிலும் ஒரு விளிம்பைச் சேர்த்துத்தான் கருக்குவார்கள், அது வெந்த இடத்தின் அளவு என்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஓய்வுபெற்ற செவிலி, மதுரை:
தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. லேசரைத் தள்ளிப் பேசியதுதான் சரியில்லை. லேசரோ ரேடியோ அலையோ மைக்ரோவேவோ, 60 டிகிரியைத் தாண்டினால் திசு வெந்து சாகும். பெரிய ரத்தக்குழாய்க்கு அருகில் ரேடியோ அலையும் திணறத்தான் செய்கிறது. மைக்ரோவேவ் அந்த இடத்தில் கொஞ்சம் மேல். என் வார்டில் ஓர் அம்மாள் நடுராத்திரி காய்ச்சலில், “உள்ளே இன்னும் எரிகிறது, அணைத்துவிடுங்கள்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வெந்த திசுவால் சில நாள் லேசான காய்ச்சல் வரும், அது இயல்பு. குளிர் நடுக்கத்தோடு ஏறினால் சீழ் பிடித்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்கேன் அறிக்கையில் அளவை மட்டும் பார்த்து மலைக்காதீர்கள். விளிம்பில் ஸ்கேனுக்காகப் போடும் மருந்து ஏறி வெளுப்பாகத் தெரியும் திசு, அதாவது சாகாத கட்டி, மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி என்கிறீர்களே, வீட்டில் எல்லாரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா? தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஈரல் சுருங்கியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் கட்டாயம். கீழாநெல்லியை நம்பி வைரஸை அடக்கும் மாத்திரையை நிறுத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

தஞ்சைக்காரன்:
அம்மா, பரிசோதனை செய்துகொண்டோம். தங்கைக்கும் இருக்கிறது. மாத்திரை தொடங்கிவிட்டார்கள். லேசரை நான் குறை சொல்லவில்லை. ஊரில் கிடைப்பதை விட்டுவிட்டு நாள் கடத்த வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

வடமராட்சி மகள்:
தம்பி, அப்பாவின் கட்டியும் நாளத்தை ஒட்டித்தான் இருந்ததா? அம்மாவுக்கு அந்தச் சாம்பல் ஓரத்தில்தான் மறுபடி வளர்ந்தது. பிறகு மைக்ரோவேவ் செய்தார்கள். அடுத்த ஸ்கேன் வரும் வாரம். அதே இடத்தில் இரண்டாம் முறை சுட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.