சரிவு நிலத்தில் மரத்தளம்: தூண்களை மண்ணிலேயே நடலாமா?

கேள்வி (ஹட்டன்)

வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் நிலம் சட்டெனச் சரிந்து கீழேயுள்ள தேயிலை மலைக்கு இறங்குவதால், அப்பாவும் அம்மாவும் காலை வெயிலில் உட்காரச் சமமான இடமே இல்லை. ஆகவே 12 அடிக்கு 10 அடி அளவில் ஒரு மரத்தளம் அமைக்க விரும்புகிறோம். வீட்டுப் பக்கம் தரைமட்டத்திலும் மறுபக்கம் ஏறத்தாழ 4 அடி உயரத்திலும் அது நிற்கும். டர்பன்டைன் மரத் தூண்களின் அடியில் தார் பூசி, 2 அடி ஆழத்துக்கு மண்ணில் நட்டால் போதும் என்கிறார் மரவேலை பாஸ். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும் எங்கள் பக்கத்தில் அது தாங்குமா? பலகைகளை நெருக்கி அடிக்கலாமா?

பதில் (நுவரெலியா)

தூண்களை மண்ணில் நடவேண்டாம். மரம் முதலில் உளுத்துப்போவது, ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் தரைமட்டத்தில்தான். பழைய வேலிக் கம்பம் ஒன்றின் அடியில் மண்ணைச் சற்று விலக்கிப் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள்; மேலே இரும்பாக நிற்கும் கம்பத்தில் அந்த இடத்தில் மட்டும் கத்தி இறங்கிவிடும். தார் பூசினாலும் வெடிப்புகள் வழியே உள்ளே போகும் நீர் வெளியேற வழியில்லாமல் தங்கி, மரத்தை இன்னும் விரைவாகக் கெடுக்கும்.

கொட்டி நிரப்பிய மண்ணைக் கடந்து இறுகிய மண் வரும்வரை குழி வெட்டி, கொங்கிரீட் அத்திவாரம் இட்டு, அதைத் தரைக்கு மேல் 6 அங்குலமாவது உயர்த்துங்கள். தூணின் அடியைப் பிடித்துத் தாங்கும் கல்வனைஸ் இரும்புக் காலணியை அதில் பதித்து, தூணின் அடி கொங்கிரீட்டைத் தொடாதவாறு பொருத்த வேண்டும். 4 அடி உயரத் தூண்களுக்குக் குறுக்குச் சட்டங்கள் அவசியம். அவை இல்லாவிட்டால் நாலு பேர் நடந்தாலே தளம் ஆடும். 10 அடியை ஒரே தாவலில் கடக்க விடாமல் நடுவே ஒரு தீராந்தி கொடுங்கள். ஓர் அங்குலப் பலகைக்கு, அதை அடியில் தாங்கும் சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தால் போதும். பலகைகளுக்கு இடையே கால் அங்குலம் விடுங்கள். நெருக்கி அடித்தால் மழைநீரும் சருகும் அங்கேயே தேங்கும்.

பதில் (பண்டாரவளை)

மரத்தைப் பற்றி ஒரு விடயம். மருந்தேற்றிய இறப்பர் மரத்தை மலிவாகத் தருகிறோம் என்பார்கள். அதற்கு ஏற்றியது போரோன் உப்பு என்றால், அது மழையில் கரைந்து வெளியேறிவிடும்; வீட்டுக்குள் பயன்படுத்தவே அது ஏற்றது. திறந்த வெளிக்கு நன்கு காய்ந்த கும்புக் அல்லது தேக்கின் வைரப்பகுதியை வாங்குங்கள், வெளிர்நிற ஓரங்களை ஏற்காதீர்கள். வீட்டில் நிற்கும் பலாவைத் தறிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் பிரதேச செயலகத்தில் அனுமதி பெறவேண்டும். வார்னிஷ் உரிந்துவிடும் என்பதால் எண்ணெய் வகைப் பூச்சே நல்லது. அறுத்த முனைகளுக்கு அதை இரட்டிப்பாகப் பூசுங்கள்.

பதில் (தலவாக்கலை)

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் நான் முதலில் பார்ப்பது அந்தச் சரிவைத்தான். 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவை அறிந்த நாம், மலைச்சரிவில் ஒரு குழி வெட்டுவதைக்கூடச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், இல்லாத இடத்தில் திடீரெனக் கசியும் ஊற்று ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வேலையை நிறுத்திவிட்டுத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும் தளத்துக்காகச் சரிவை வெட்டிச் சமப்படுத்தாதீர்கள், தூண்களின் உயரத்தை நிலத்துக்கேற்ப மாற்றுங்கள். கூரைத் தண்ணீர் தளத்தின் அடியில் விழாமல் பீலி வைத்துக் கானில் சேர்ப்பது, எந்த மரம் வாங்குவது என்பதைவிட முக்கியமானது.

கேள்வி கேட்டவர் (ஹட்டன்)

மிக்க நன்றி. வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் கூரைத் தண்ணீர் இப்போது நேராக அந்த இடத்தில்தான் விழுகிறது, ஆகவே பீலி வேலையை முதலில் முடிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் பாசி வழுக்குமோ என்பதுதான் இப்போதைய கவலை.

பதில் (நுவரெலியா)

நிழலில் இருக்கும் பலகையில் பாசி கட்டாயம் பிடிக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தென்னந்தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். வெயிலை மறைக்கும் கிளைகளைக் கழித்து, அம்மா நடக்கும் பக்கத்தில் உறுதியான கைப்பிடி அமையுங்கள். உயரமான பக்கத்தில் தடுப்பு 3 அடிக்குக் குறையக் கூடாது.