அதே மேடு, இப்போது ஏறவே முடியவில்லை

கேள்வி: கரடுமுரடான மண் பாதையில் வண்டி ஓட்டுகிறேன். மூன்று வருடம் முன்பு சாதாரண டயரிலேயே ஏறிய மேட்டில் போன வாரம் வண்டியின் அடி தட்டி நின்றுவிட்டேன். அன்று மண்ணில் புதைந்திருந்த பாறை இன்று முழங்கால் உயரப் படியாக நிற்கிறது. பாதை இப்படியா மாறும்?

பதில்: மாறும். பிடிப்பில்லாமல் சுழலும் சக்கரம் பாறைக்கு முன்னால் இருக்கிற மண்ணைத் தோண்டி எறியும், அப்புறம் மழைத் தண்ணீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கி மிச்ச மண்ணையும் அரித்துக்கொண்டு போய்விடும்.

இன்னொரு பதில்: எளிதாவதும் உண்டு. யாராவது படிக்குக் கீழே கல் அடுக்கியிருப்பார்கள், பெருமழையில் அதுவும் உருண்டுவிடும். பாதை எவ்வளவு கடினம் என்ற பழைய மதிப்பீட்டை நம்பாமல் இறங்கி நடந்து பாருங்கள்.

கேட்டவர்: சரி, டயர் காற்றைக் குறைத்தால்?

பதில்: டயர் பரந்து படியும், சுழல்வது குறையும், பாதையும் பிழைக்கும். ஈர மண்ணில் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.