பவர்பிளேயைத் தமிழில் எப்படி எழுதுவது? லீஃப்ஸ் முன்னோட்டத்துக்கு அவசரமாக ஒரு சொல்

ஸ்காபரோவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் பனி ஹாக்கி அணியின் 2025-26 பருவ முன்னோட்டத்தைத் தமிழில் முழுப் பக்கமாக எழுதுகிறேன். அக்டோபர் 8 மொன்றியலுடன் முதல் ஆட்டம். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போகவேணும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் அதையே வாசிப்புப் பாடமாகக் கொடுக்கப்போகிறார்கள்.

பல சொற்கள் தாமாக அமைந்துவிட்டன. நில உச்சவரம்பு கேட்டுப் பழகிய காதுக்குச் 'சம்பள உச்சவரம்பு' விளக்கமில்லாமல் விளங்கும். அது 88 மில்லியன் டொலரிலிருந்து 95.5 மில்லியனுக்கு ஏறியதை எழுதி அடுத்த பந்திக்குப் போய்விட்டேன். எதிரணியில் ஒருவர் தண்டனையாக வெளியே இருக்கும் நேரத்து ஆட்டமான பவர்பிளேயில்தான் பேனா நிற்கிறது. அதைத் தொடாமல் இந்தப் பருவத்தைப் பற்றி எழுத ஏலாது. முன்களத்தார் மிட்ச் மார்னர் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். போன பருவத்தில் 27 கோல், 75 உதவி, மொத்தம் 102 புள்ளி. மத்தியூஸ், நைலாண்டர், தவாரெஸ், நைஸ் ஆகியோரோடு மார்னரும் சேர்ந்து ஐந்து பேரும் முன்களத்தாராகவே பவர்பிளேக்கு இறங்கியபோது, எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டருகே உச்சியில் நின்று வட்டைப் (பக்) பிரித்துக் கொடுத்தவர் அவர். எங்கள் பக்கம் ஆள் குறைந்த நேரத்தில் தடுக்க இறங்கியவரும் அவரே. ஒருவர் போனதில் இரண்டு இடம் காலி. பவர்பிளேக்கும் ஆள் குறைந்து தடுக்கும் நேரத்துக்கும் தமிழில் பெயர் வேணும்.

கோயம்புத்தூரிலிருந்து:

'ஆள்மிகை', 'ஆள்குறை' என்று வைக்கலாம். மிகையும் குறையும் பள்ளிக் கணக்கிலேயே இணையாக வரும் சொற்கள். மாணவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க ஒன்றுமில்லை.

சென்னையிலிருந்து:

ஐயா, புணர்ச்சியைக் கொஞ்சம் பாருங்கள். 'லள வேற்றுமையில் றடவும்' என்று தொடங்கும் நன்னூல் விதிப்படி, மெல்லினம் வந்தால் ளகரம் ணகரமாகும். ஆள் + மிகை = ஆண்மிகை. படிப்பவர் ஆண்கள் மிகுதி என்றே எடுத்துக்கொள்வார். ரொறன்ரோவில் பெண்களுக்கான தொழில்முறை அணியும் ஆடுகிறது. அங்கே இந்தச் சொல்லை எப்படி ஆள்வீர்கள்? மறுபக்கம் ஆள் + குறை = ஆட்குறை. ஆட்குறைப்பு என்றால் வேலையை விட்டு நிறுத்துவது என்று நாடே அறியும்.

கோயம்புத்தூரிலிருந்து:

புணர்க்காமல் 'ஆள் மிகை' என்று இடைவெளி விட்டு எழுதினால் போயிற்று. அல்லது 'மிகையாள் ஆட்டம்'.

மொன்றியலிலிருந்து:

'மிகையாள்' என்பதை விட்டுவைக்க வேண்டுகிறேன். அது வேறொன்றுக்குத் தேவை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பின்தங்கிய அணி கோல் காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது தாக்குநரை இறக்குமே, அவர்தான் உண்மையான மிகையாள். அது பவர்பிளே ஆகாது; புள்ளிவிவரத்தில் அப்படி எண்ணவும் மாட்டார்கள்.

பவர்பிளேயில் யாருக்கும் ஆள் கூடுவதில்லை. ஐந்து பேர் ஐந்து பேராகவே நிற்கிறார்கள். எதிரே ஒருவர் தண்டனைப் பெட்டிக்குப் போய் நால்வர் மிஞ்சுகிறார்கள். இரண்டாமவரும் போனால் மூவர். மூன்றாமவருக்குத் தண்டனை விழுந்தாலும் மூவருக்குக் கீழே இறங்காது. விதிவிலக்கு ஒன்று உண்டு: வழமையான பருவத்தின் கூடுதல் நேரத்தில் மூவருக்கு மூவர் ஆடுவதால், தண்டனை விழுந்தால் மற்ற அணிக்கு நாலாமவரைச் சேர்ப்பார்கள். பவர்பிளேயைப் பொறுத்தவரை 'மிகையாள்' அங்கே மட்டுமே பொருந்தும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஆளை எண்ணுவதை விட்டு ஆட்டத்தைப் பாருங்கோ. தாக்கும் ஐவர் எதிரணியின் பகுதிக்குள் புகுந்து 1-3-1 என்று நிற்கிறார்கள்: உச்சியில் ஒருவர், பனித்தளத்தில் வரைந்த வட்டங்களில் இருபுறமும் இருவர், நடுவில் ஒருவர், கோல் வாயில் ஒருவர். உள்ளே நால்வர் சதுரமாகவோ சாய்சதுரமாகவோ நின்று காக்கிறார்கள். இது கோட்டை முற்றுகைதானே? தொல்காப்பியர் 'முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்' என்று உழிஞைக்குச் சொன்னது அப்படியே பொருந்துகிறது. முற்றுவது உழிஞை, காப்பது நொச்சி. ஆயத்தமாக இருக்கும் இணைச்சொற்களை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேடவேணும்?

சென்னையிலிருந்து:

தொல்காப்பியத்தில் நொச்சி தனித்திணை இல்லையே ஐயா. அங்கே புறத்திணை ஏழு. காப்பும் உழிஞைக்குள்ளேயே அடங்கும். நொச்சி முதலியவற்றைத் தனியே பிரித்துப் பன்னிரண்டாகக் கொள்வது புறப்பொருள் வெண்பாமாலை. தொல்காப்பியத்தைச் சான்று காட்டினால் இரண்டு அணிக்கும் உழிஞை என்றே எழுதவேண்டும்.

இன்னொன்று. முதல் மடலில் 'வட்டு' என்று எழுதியிருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். 'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்' என்ற குறளில் அரங்கு என்பது ஆடுவதற்குக் கீறிய கட்டம். பனித்தளத்தில் நீலக்கோடும் செங்கோடும் இல்லாவிட்டால் ஆஃப்சைடும் (வட்டுக்கு முன்பே எதிரணிப் பகுதிக்குள் புகும் பிழை) இல்லை, ஐசிங்கும் (தன் பாதியிலிருந்து மறுமுனைவரை வட்டை நெடுக அடிக்கும் பிழை) இல்லை. அரங்கும் வட்டும் இதைவிடப் பொருத்தமாக எங்கும் அமையா.

கோயம்புத்தூரிலிருந்து:

பரிமேலழகர் அங்கே வட்டாடலை உண்டை உருட்டல் என்கிறார். உண்டை உருண்டை. ஹாக்கியின் வட்டோ மூன்று அங்குல விட்டமும் ஓரங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர்த் தட்டு. துள்ளாமல் வழுக்கவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறையவைப்பார்கள். வட்டெறிதல் என்று வழங்குகிறோமே, அந்தச் சான்று போதும். குறளை இதற்குள் இழுக்கவேண்டாம்.

ஸ்காபரோவிலிருந்து (வகுப்பாசிரியர்):

வட்டு நிலைக்கட்டும். உழிஞையை நான் வகுப்பில் சொல்லமாட்டேன். பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் ஹாக்கிச் செய்தி வாசிக்கவேணும் என்ற விருப்பம் வருவதே பெரிது. முதல் பந்தியிலேயே திணை விளக்கம் கொடுத்தால் அது தாளை மூடிவைத்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த 'பவர்பிளே'யையே எழுதினால் என்ன குறை?

சிங்கப்பூரிலிருந்து:

குறை இதுதான்: தமிழில் பவர்பிளே என்றால் கிரிக்கெட். இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் ஆறு ஓவர், வளையத்துக்கு வெளியே இருவருக்கு மேல் நிற்கக்கூடாது. அங்கே ஆள் எண்ணிக்கை மாறுவதே இல்லை, யாரும் தண்டனை பெறுவதும் இல்லை. கனடாவுக்கு வெளியே இந்தப் பக்கத்தைப் படிப்பவர் முழுதும் பிழையாக விளங்கிக்கொள்வார்.

இரண்டிலும் பொதுவாக இருப்பது காலம். ஹாக்கியில் அது கடிகாரத்தோடு ஓடுகிறது. சிறு தண்டனை இரண்டு நிமிடம், கோல் விழுந்தால் அப்போதே முடிந்துவிடும். பெருந்தண்டனை ஐந்து நிமிடம், எத்தனை கோல் விழுந்தாலும் ஓடித் தீரும். எனவே 'ஆட்டம்' என்பதை விட்டுப் 'பொழுது' என்று முடிப்போம்: வலுப்பொழுது, குறைப்பொழுது. சிறுபொழுது, பெரும்பொழுது படித்தவருக்கு அமைப்பும் பழகியதே. 'வலுப்பொழுது தொடங்கி நாற்பது நொடி' என்று வானொலியில் ஒரே மூச்சில் சொல்லலாம்.

கோயம்புத்தூரிலிருந்து:

வலு என்றவுடன் வலுச்சண்டை நினைவுக்கு வருகிறது. கையுறையைக் கழற்றிப் போட்டுக் குத்திக்கொள்ளும் ஆட்டத்தில் அது குழப்பாதா?

மொன்றியலிலிருந்து:

குழப்பாது. சண்டையிட்ட இருவருக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஐவருக்கு ஐவரே தொடரும், பவர்பிளே பிறக்காது. வலுப்பொழுது எனக்குச் சம்மதம்.

சொல்லோடு சேர்த்து ஆட்டத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். மார்னர் நின்ற உச்சிக்கு இனி மோர்கன் ரைலியா, எக்மன்-லார்சனா? பின்களத்தார் ஒருவர் அங்கே நின்றால் வட்டு பறிபோகும்போது திரும்பிச் சறுக்கித் தடுக்க ஆள் இருக்கும். ஐந்து முன்களத்தாரில் அந்தக் காப்பு இல்லை. நீலக்கோட்டில் ஒரு தடவை தடுமாறினால் எதிரி தனியே கோல் நோக்கி ஓடுவார். அந்த ஆபத்துக்கு ஈடாகத்தான் மார்னரின் கைநேர்த்தி இருந்தது. ரைலி உச்சியில் இருந்தால், இரு வட்டங்களில் நிற்பவர்களுக்கு வட்டு எவ்வளவு விரைவாகப் போய்ச் சேர்கிறது என்பதை முதல் பத்து ஆட்டத்தில் கவனிக்கவேண்டும். வட்டத்திலிருந்து நிறுத்தாமல் அடிக்கும் அடியின் பலம் அந்த விரைவில் இருக்கிறது. ஒவெச்கின் 2025 ஏப்ரல் 6 அன்று கிரெட்ஸ்கியின் வாழ்நாள் கோல் சாதனையைத் தாண்டிய 895ஆவது கோலும் பவர்பிளேயில் இடது வட்டத்திலிருந்து அடித்ததே.

அணிக்குப் புதிதாக உரோய், மச்செல்லி, ஜோஷுவா வந்திருக்கிறார்கள். மூவரும் கீழ் வரிசைகளுக்குக் கனம் சேர்ப்பார்கள். மார்னரின் இடத்தை ஒருவராக எவரும் நிரப்பப்போவதில்லை. 2025 மே 18இல் கிண்ணச் சுற்றுத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் புளோரிடாவிடம் 6-1 என்று சொந்த மண்ணில் தோற்ற அணி இது; அந்தத் தொடரில் முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்று 2-0 என்று முன்னே நின்றிருந்தது. பருவத்தில் 108 புள்ளியோடு பிரிவில் முதலிடம் பெற்றதையும் அதே பந்தியில் சொல்லுங்கள். 1967க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணம் இல்லை என்பதை மட்டும் எழுதினால் இந்த அணி எங்கே நிற்கிறது என்று தெரியாது.

ஸ்காபரோவிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் வலுப்பொழுதுக்கு இணங்கியிருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். முதல் தடவை வரும் இடத்தில் 'பவர்பிளே எனப்படும் வலுப்பொழுது' என்று எழுதி, பிறகு வலுப்பொழுது மட்டும். ஆள் கணக்குச் சொல்லவேண்டிய இடத்தில் 'ஐந்துக்கு நாலு', 'ஐந்துக்கு மூன்று' என்று பேச்சு வழக்கையே வைக்கிறேன். மறுபக்கத்துக்குக் குறைப்பொழுது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வலுப்பொழுதுக்கு மறுப்பில்லை. குறைப்பொழுதுக்கு நான் உடன்படவில்லை தம்பி. நால்வர் நின்று இரண்டு நிமிடத்தைக் கழிப்பது ஒரு தனித் திறன். அடிக்கும் வழியை உடலால் மறிக்கவேணும், குறுக்குக் கொடுப்புகளைத் தடியால் அடைக்கவேணும், வட்டு கிடைத்த கணத்தில் தளத்தின் மறுமுனைக்கு நெடுக அடித்துவிடவேணும். அந்த நேரத்தில் மட்டும் அவர்களுக்கு ஐசிங் ஊதுவதில்லை. விதியே அவர்களுக்குத் தனிச் சலுகை கொடுத்திருக்கிறது. பின்களத்தார் கிறிஸ் தானெவ் போன்ற ஒருவரை அணி வைத்திருப்பதே இந்த வேலைக்காகத்தான். அதைக் 'குறை' என்று எழுதினால் ஆள் குறைந்தது மட்டும் தெரியும், செய்த வேலை தெரியாது. நொச்சி கடினம் என்றால் 'காப்புப்பொழுது' என்று வைக்கலாம். தானெவ் வரும் பந்தியிலாவது மாற்றமுடியுமா? அச்சுக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே.